பால் மட்டும் குடிக்கிற கன்றுக்குப் புழு எங்கிருந்து வந்தது?

பெங்களூருவில் சர்ஜாபுரா சாலைப் பக்கம் என் தாய்மாமா நாலு கறவை மாடு வைத்திருக்கிறார். கிருஷ்ணகிரியிலிருந்து வந்து குடியேறியவர். சுற்றி எல்லாப் பக்கமும் அடுக்குமாடி எழும்பிவிட்டது. நடுவில் அவருடைய கொட்டகை மட்டும் அப்படியே இருக்கிறது. போன மழைக்காலத்தில் ஒருநாள் விடியற்காலையில் போன் செய்தார்.

"மாப்பிள்ளை, கன்னுக்குட்டி கழிச்சலோட புழுவாத் தள்ளுது. ஒவ்வொண்ணும் ஒரு சாண் நீளம் இருக்குப்பா. பொறந்து ஒண்ணரை மாசம்தான் ஆகுது, தாய்ப்பாலைத் தவிர வேற எதுவும் கொடுக்கல. புல்லையே ஒழுங்கா கடிக்கத் தெரியாத குட்டிக்கு வயித்துல எப்படி இவ்வளவு புழு?"

எனக்குக் கால்நடை ஆய்வகத்தில் வேலை. மாட்டுச் சாணத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, என்ன முட்டை இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல வேண்டும். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் "என்ன மருந்து கொடுக்கலாம்?" என்று கேட்டிருக்கிறார்கள். "எப்படி உள்ளே போச்சு?" என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. மாமா கேட்டது சரியான கேள்வி. அதற்கு விடை தெரிந்தால், மருந்தை எந்த நாளில் கொடுக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

விடை இதுதான்: அந்தத் தாய்ப்பால் வழியாகத்தான் வந்தது.

அதை விளக்குவதற்கு முன் ஒரு விஷயத்தை மனதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். குடலில் இருக்கிற புழு குடலுக்குள்ளேயே குட்டி போட்டுப் பெருகுவதில்லை. முட்டைதான் இடும். அந்த முட்டை சாணத்தோடு வெளியே வந்து, வெளியில் சில நாள் கிடந்து பக்குவமாகி, மறுபடி ஒரு மாட்டின் வாய்க்குள் போனால்தான் அடுத்த தலைமுறை. ஒரு கன்றின் வயிற்றில் நூறு புழு இருந்தால், நூறு இளம்புழு தனித்தனியாக வெளியிலிருந்து உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். இதற்கு விலக்குகள் சில உண்டு, ஒன்றைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் பெரும்பாலான புழுக்களுக்குக் கதை இதுதான்: பாதி வாழ்க்கை மாட்டுக்குள், பாதி வாழ்க்கை தரையில். மருந்து உள்ளே இருக்கிற பாதியை மட்டும்தான் தொடும்.

மாமா பார்த்த புழுவின் பெயர் டாக்ஸோகாரா விட்டுலோரம். நம் ஊரில் சிலர் நாக்குப்பூச்சி என்பார்கள், இங்கே பெங்களூருவில் மருந்துக்கடையில் 'ஜந்து ஹுளு' என்று கேட்டால் எல்லாப் புழுவையும் சேர்த்துப் புரிந்துகொள்வார்கள். கன்றின் குடலில் வாழும் உருண்டைப் புழுக்களில் மிகப் பெரியது இதுதான். வெளுத்த நிறம், தடித்த உடம்பு, பெண்புழு 30 சென்டிமீட்டர் வரைகூட வளரும். எருமைக் கன்றுகளில் மிக அதிகம், பசுங்கன்றுகளிலும் உண்டு.

இதன் வாழ்க்கையைத் தாய்மாட்டிலிருந்து தொடங்குவதுதான் வசதி. எப்போதோ ஒரு கன்று போட்ட சாணத்தில் இருந்த முட்டை, கொட்டகைத் தரையிலோ தீவனத் தொட்டி ஓரத்திலோ ஒட்டிக் கிடக்கிறது. தாய்மாடு புல்லோடு சேர்த்து அதை விழுங்குகிறது. குடலில் முட்டை பொரிந்து, கண்ணுக்குத் தெரியாத இளம்புழு வெளியே வருகிறது. அது குடலில் தங்காது. குடல் சுவரைத் துளைத்துக்கொண்டு ஈரல், நுரையீரல் என்று போய், உடம்பின் திசுக்களுக்குள் அடங்கிவிடும். அங்கே தூங்குகிற மாதிரி மாதக்கணக்கில் கிடக்கும். மாட்டுக்கு ஒன்றும் தெரியாது. சாணத்தைப் பரிசோதித்தாலும் முட்டை வராது, ஏனென்றால் அந்த மாட்டின் குடலில் வளர்ந்த புழுவே இல்லை.

மாடு சினையாகி ஈனும் நாள் நெருங்கும்போது உடம்பில் நடக்கும் மாற்றத்தில் இந்த இளம்புழுக்கள் விழித்துக்கொள்கின்றன. நேராக மடிக்குப் போகின்றன. கன்று பிறந்து பால் குடிக்கத் தொடங்கியதும் பாலோடு கன்றின் வயிற்றுக்குள் இறங்குகின்றன. முதல் ஒன்றிரண்டு வாரத்தில்தான் இந்தப் போக்குவரத்து அதிகம், அப்புறம் மெல்லக் குறைந்துவிடும்.

கன்றுக்குள் போன இளம்புழு இந்த முறை எங்கும் அலையாது. சிறுகுடலிலேயே தங்கி, கன்று குடிக்கிற பாலில் பங்கு போட்டு வளரும். மூன்று நான்கு வாரத்தில் முழுப் புழுவாகி முட்டையிட ஆரம்பிக்கும். முட்டை என்றால் கொஞ்சநஞ்சமல்ல. நிறையப் புழு இருக்கும் கன்று ஒரு நாளில் லட்சக்கணக்கில் முட்டை போடும். ஒரே சொட்டு மாதிரியில் எண்ணி முடிக்க முடியாத அளவுக்கு நானே பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. தடித்த ஓடு, ஓட்டின் மேல் சின்னச் சின்னக் குழிகள்.

இந்தக் கட்டத்தில்தான் கன்று வாடுகிறது. வயிறு பானை மாதிரி உப்பியிருக்கும், முதுகெலும்பு தெரியும், மயிர் பளபளப்பில்லாமல் சிலிர்த்து நிற்கும். சாம்பல் நிறத்தில், களிமண் மாதிரி, நாற்றமடிக்கிற கழிச்சல் போகும். வாயருகில் முகர்ந்தால் ஊசிப்போன வெண்ணெய் வாடை வரும். அனுபவமுள்ள மாட்டுக்காரர்கள் அந்த வாடையை வைத்தே சொல்லிவிடுவார்கள். புழுக்கள் அதிகமாகி ஒன்றோடொன்று பின்னிக்கொண்டால் குடல் அடைத்துப்போய்க் கன்று செத்தும் போகலாம்.

கன்று தப்பிப் பிழைத்தால் நாலைந்து மாதத்துக்குள் வளர்ந்த புழுக்கள் பெரும்பாலும் தானாகவே வெளியேறிவிடும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். "எங்க ஊர்ல நாலாவது மாசம் மருந்து கொடுப்போம், நல்லாக் கேக்கும்" என்பார்கள். அந்த வயதில் புழு தானாகவே கிளம்பிக்கொண்டிருக்கும் நேரம். அதற்குள் கன்று வளர வேண்டிய மூன்று மாதம் வீணாகிவிட்டது. தரையிலோ அடுத்த சுற்றுக்கான முட்டை நிறைந்துவிட்டது. தாய்மாடு அதை மறுபடி நக்கும், அடுத்த ஈற்றுக் கன்றுக்கும் அதே கதை.

இப்போது நாளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இளம்புழு பாலில் அதிகமாக வருவது முதல் ஒன்றிரண்டு வாரம். முட்டையிடத் தொடங்குவது மூன்று நான்கு வாரத்தில். பிறந்த மூன்றாம் நாளே மருந்து கொடுத்தால், அதற்கப்புறம் வருகிற புழுக்கள் தப்பிவிடும். முப்பதாம் நாள் கொடுத்தால் முட்டை ஏற்கெனவே தரைக்குப் போயிருக்கும். அதனால்தான் முதல் புழு மருந்தைப் பிறந்த 10 நாளிலிருந்து 16 நாளுக்குள் கொடுக்கச் சொல்கிறார்கள். வரவேண்டியதில் பெரும்பகுதி வந்தாகிவிட்டது, ஆனால் ஒன்றுகூட இன்னும் முட்டையிடும் வயதுக்கு வரவில்லை. இந்த ஒரு வார இடைவெளி கன்று வளர்ப்பவருக்குக் கிடைக்கிற மிக நல்ல வாய்ப்பு. என் கையில் வருகிற சாண மாதிரிகளில் பெரும்பாலானவை இந்த வாரத்தைத் தவறவிட்ட கன்றுகளுடையவை என்பதுதான் எனக்கு வருத்தம்.

பாலில் புழு வருகிறது என்று நான் சொன்னதும் மாமா பயந்துவிட்டார். "அப்போ சீம்பாலை நிறுத்திடலாமா?"

தயவுசெய்து நிறுத்தாதீர்கள். பிறக்கும்போது கன்றின் ரத்தத்தில் நோயெதிர்ப்புச் சக்தி கிட்டத்தட்ட இல்லை. அதைச் சீம்பால்தான் கொடுக்கிறது, அதையும் முதல் 24 மணி நேரத்துக்குள்தான் கன்றின் குடலால் அப்படியே உறிஞ்ச முடியும். முதல் சில மணி நேரத்துக்குள் குடித்தால் இன்னும் நல்லது. நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருப்பதும் தவறு. புழுவைப் பத்தாம் நாளுக்கு மேல் மருந்தால் தீர்த்துக்கொள்ளலாம். தவறவிட்ட சீம்பாலைத் திரும்பக் கொடுக்க வழியே கிடையாது. 'பால் அதிகமாகக் குடித்தால் பூச்சி வைக்கும்' என்று சொல்லிப் பாலைக் குறைக்கிற பழக்கமும் இருக்கிறது. பால் அதிகமானதால் புழு உண்டாவதில்லை. பாலைக் குறைத்தால், இருக்கிற புழுவோடு போராடுகிற சத்துகூடக் கன்றுக்கு இருக்காது.

தாய்மாட்டுக்கே மருந்து கொடுத்துத் தடுக்க முடியாதா என்றால், திசுக்களுக்குள் தூங்குகிற இளம்புழுக்களை வழக்கமான புழு மருந்துகள் பெரும்பாலும் தொடுவதில்லை. ஆக, இந்தப் புழுவைப் பிடிக்க இரண்டே இடம்தான். ஒன்று, அந்த ஒரு வாரத்தில் கன்றின் குடல். இன்னொன்று, தரை.

தரையில் என்ன நடக்கிறது?

புதிதாக விழுந்த சாணத்தில் இருக்கிற முட்டையை ஒரு மாடு அப்போதே விழுங்கினாலும் ஒன்றும் ஆகாது. முட்டைக்குள் இளம்புழு உருவாக வேண்டும். அதற்கு வெதுவெதுப்பும் ஈரமும் காற்றும் வேண்டும், நாளும் வேண்டும். டாக்ஸோகாராவுக்கு ஒன்றிரண்டு வாரத்துக்குக் குறையாது. தினமும் சாணம் அள்ளுகிற கொட்டகையில் அந்த முட்டைக்கு அவ்வளவு நாள் கிடைப்பதில்லை. ஆனால் மூலையில் தேங்கியது, தீவனத் தொட்டிக்குக் கீழே ஒட்டியது, கன்று கட்டியிருக்கும் மண்தரையில் புதைந்தது எல்லாம் தப்பிவிடும். தடித்த ஓடு இருப்பதால் நிழலும் ஈரமுமான இடத்தில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். நல்ல வெயிலும் வறட்சியும்தான் அதற்கு எமன்.

மேய்ச்சலுக்குப் போக ஆரம்பித்த கன்றுக்கு வேறு கூட்டம் காத்திருக்கிறது. ஹீமாங்கஸ், கூப்பீரியா, ஈசோபாகோஸ்டமம் என்று பல இனம். இவற்றில் ஹீமாங்கஸ் குடலில் இல்லை, நாலாவது இரைப்பையில் இருந்து ரத்தம் குடிக்கும். மற்றவை குடலில். எல்லாவற்றுக்கும் வெளி வாழ்க்கை ஏறக்குறைய ஒரே மாதிரி. சாணத்தில் இருக்கும் முட்டை ஓரிரு நாளில் பொரிகிறது. இளம்புழு சாணத்தில் இருக்கும் பாக்டீரியாவைத் தின்று வளர்ந்து இருமுறை தோலுரிக்கிறது. இரண்டாவது முறை பழைய தோலை முழுசாகக் கழற்றாமல் அதையே மேல்சட்டை மாதிரி போட்டுக்கொள்கிறது. வெயிலையும் வறட்சியையும் ஓரளவு தாங்க அது உதவும். ஆனால் வாயும் அதற்குள் மூடிக்கொள்வதால் இனி சாப்பிட முடியாது. உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பு தீரும்வரைதான் ஆயுசு. அதற்குள் ஒரு மாடு அதை விழுங்கியாக வேண்டும்.

நல்ல மழைக்காலச் சூட்டில் முட்டையிலிருந்து இந்த நிலைக்கு வர ஒரு வாரம் போதும். அப்புறம் மழையோ பனியோ பெய்து புல்லின் மேல் மெல்லிய நீர்ப்படலம் படியும்போது, அதில் நீந்தி இலையின் மேலே ஏறும். விடியற்காலையில் பனி ஈரத்தோடு அறுத்த புல்லில் இவை அதிகம் இருக்கக் காரணம் இதுதான். பெங்களூருவில் மே மாதக் கோடை மழை தொடங்கி அக்டோபர், நவம்பர் வரை ஈரம் விட்டுவிட்டு வந்துகொண்டே இருக்கும், கடும் வெயிலும் கிடையாது. நமக்கு இதமான ஊர் இந்தப் புழுவுக்கும் இதமான ஊர்தான். விழுங்கப்பட்ட பின் மேல்சட்டையைக் கழற்றி, பெரும்பாலும் மூன்று நான்கு வாரத்தில் வளர்ந்து முட்டையிடும். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் சிவப்புக்குப் பதில் வெளுத்திருப்பதும், தாடைக்கு அடியில் நீர் கோத்துத் தொங்குவதும் ரத்தம் போகிறது என்பதற்கு அடையாளம்.

நாடாப்புழு பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். சாணத்தில் அரிசி மாதிரி வெள்ளைத் துண்டுகள் தெரியும், அதனால் பார்த்தவுடன் பதறிப்போவார்கள். மண்ணில் இருக்கும் ஒருவகைச் சிறு உண்ணிக்குள் வளர்ந்து, புல்லோடு கன்றுக்குள் போகிறது. பெரும்பாலும் மற்றப் புழுக்கள் அளவுக்குக் கெடுதல் செய்வதில்லை.

ஏரிப் புல்

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது இந்த ஊருக்கே உரிய விஷயம். பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரி ஓரங்களில் புல் அறுத்து மாட்டுக்குப் போடுவது பல வருஷமாக நடக்கிறது. மேய்ச்சல் நிலமெல்லாம் கட்டடமாகிவிட்ட ஊரில் பச்சைப்புல் வேறெங்கே கிடைக்கும்? மாமாவும் அங்கிருந்துதான் வாங்குகிறார். அந்தப் புல்லில் சாக்கடையின் கெடுதல் தனி. நான் சொல்ல வருவது தட்டைப்புழு பற்றி.

ஆம்ஃபிஸ்டோம் என்று ஒரு தட்டைப்புழு இனம் இருக்கிறது. அதன் முட்டை தண்ணீரில் விழுந்தால்தான் பொரியும். பொரிந்து வரும் இளம்புழு நத்தைக்குள் நுழைய வேண்டும். நத்தைக்குள் ஒன்று பலவாகப் பெருகி, வாலுள்ள சின்னப் புழுக்களாக வெளியே நீந்தி வந்து, நீரோரப் புல்லில் ஒட்டி, சுற்றிலும் கூடு கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். அந்தப் புல்லைத் தின்றால் கூடு கரைந்து புழு சிறுகுடலின் முன்பகுதியில் புதைந்து வளரும். அங்கே இருக்கும் சில வாரங்கள்தான் ஆபத்து. தண்ணீர் மாதிரி, தாங்க முடியாத நாற்றத்தோடு கழியும். வளர்ந்தபின் மேலேறி முதல் இரைப்பையான பெருவயிற்றுக்குப் போய்விடும், அங்கே பெரிதாகத் தொல்லை தருவதில்லை.

இதில் ஒரு சிக்கல். ஆபத்தான கட்டத்தில் இருக்கிற இளம்புழு முட்டையே இடாது. கன்று உயிருக்குப் போராடும்போது சாணப் பரிசோதனையில் 'முட்டை இல்லை' என்று வரலாம். அதனால் மாதிரி கொண்டுவருகிறவர்களிடம் "புல் எங்கே அறுத்தது?" என்று நான் கட்டாயம் கேட்பேன். ஏரிப் புல் என்றால் அதையும் அறிக்கையோடு மருத்துவரிடம் சொல்லச் சொல்வேன், ஏனென்றால் உருண்டைப் புழுவுக்குக் கொடுக்கிற பைப்பரசின் போன்ற மருந்து இதற்கு வேலை செய்யாது, ஆக்ஸிக்ளோசனைடு போன்ற வேறு மருந்து வேண்டும்.

மாமா தினமும் சாணத்தைக் குழாய் வைத்துத் தள்ளி வாசல் சாக்கடையில் விட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சாக்கடை ராஜகால்வாய் என்கிற பெரிய மழைநீர்க் கால்வாயில் சேர்கிறது. ராஜகால்வாய் ஏரிக்குப் போகிறது. ஏரிக்கரைப் புல் மறுபடி கட்டுக்கட்டாக அவர் கொட்டகைக்கு வருகிறது. நான் இதை ஒரு தாளில் வட்டமாக வரைந்து காட்டினேன். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது சாணத்தைக் குவித்து எருவாக்குகிறார். நன்றாகக் குவித்த எருக்குழியின் நடுப்பகுதி கைவைக்க முடியாத அளவுக்குச் சூடாகும், அந்தச் சூட்டில் முட்டைகள் செத்துப்போகும். ஓரத்தில் இருப்பதை நடுவுக்கு வரும்படி அவ்வப்போது புரட்டிவிட வேண்டும். கன்றுகளுக்கு ஏரிப் புல் போடுவதை நிறுத்திவிட்டார். பெரிய மாடுகளுக்கு நீர்மட்டத்துக்கு மேலே அறுத்து, வெயிலில் நன்றாக உலர்த்திப் போடுகிறார். முழுக்கத் தீராது, ஆனால் குறையும்.

ரத்தக் கழிச்சல்

குடலுக்குள்ளேயே பெருகுவதில்லை என்பதற்கு விலக்கு உண்டு என்று முதலில் சொன்னது இதுதான். இந்தக் கழிச்சலைக் கொண்டுவரும் காக்சிடியா புழுவே அல்ல, ஒரே ஒரு செல்லால் ஆன உயிர். கன்றுகளுக்குக் கெடுதல் செய்வதில் ஐமீரியா போவிஸ், ஐமீரியா ஜுவர்னி இரண்டும் முக்கியம். இது குடலின் செல்களுக்குள் புகுந்து, உள்ளேயே பெருகி, செல்லை உடைத்துக்கொண்டு வெளிவந்து அடுத்த செல்லுக்குள் போகும். ஒன்று உள்ளே போனால் லட்சக்கணக்கில் வெளியே வரும். மூன்று வாரத்திலிருந்து ஆறு மாதம் வரையுள்ள கன்றுகள், அதிலும் ஒரே இடத்தில் நெருக்கமாகக் கட்டியவை, அதிகம் மாட்டிக்கொள்கின்றன. முக்கி முக்கி, ரத்தமும் சளியும் கலந்து கழியும்.

விழுங்கியதிலிருந்து கழிச்சல் வர இரண்டு மூன்று வாரம் ஆகும். நாம் ரத்தத்தைப் பார்க்கும்போது குடல் ஏற்கெனவே புண்ணாகியிருக்கும். புழு மருந்து எதுவும் இதற்குக் கேட்காது. ஆம்ப்ரோலியம், சல்பா வகை மருந்துகளை மருத்துவர் தருவார். முட்டை மாதிரி ஓட்டோடு சாணத்தில் வெளியே வந்த இதன் வித்து, ஈரமும் சூடும் இருந்தால் சில நாளிலேயே அடுத்த கன்றைத் தாக்கத் தயாராகிவிடும். அதாவது டாக்ஸோகாராவில் கிடைப்பது போன்ற அவகாசம் இங்கே நமக்கு இல்லை. பினாயில் ஊற்றினால் வாசனை வரும், வித்து சாகாது. கொதிக்கும் தண்ணீரும், அதற்கப்புறம் காய்ந்த தரையும்தான் வழி. தண்ணீர்த் தொட்டியையும் தீவனத் தொட்டியையும் கன்றின் சாணம் படாத உயரத்தில் வைப்பது எவ்வளவோ மருந்துக்குச் சமம்.

கன்று மண் தின்கிறது என்று பலர் வாய்க்கூடை கட்டுகிறார்கள். இந்த நோய்களையெல்லாம் பார்க்கிற எனக்கு அது நல்ல பழக்கமாகத்தான் தெரிகிறது. ஆனால் பால் குடிக்கவும் தண்ணீர் குடிக்கவும் கழற்ற மறந்துவிடக் கூடாது. மண் தின்பது தாது உப்புக் குறையாலும் இருக்கலாம், அதையும் கவனிக்க வேண்டும்.

மருந்து கொடுக்கும் நாள், கொடுக்கும் விதம்

முதல் மருந்து 10 முதல் 16 நாளுக்குள். அப்புறம் ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை என்பது நம் நாட்டில் பொதுவாகச் சொல்கிற முறை. வசதியிருந்தால் சாணத்தைப் பரிசோதித்துவிட்டுக் கொடுப்பது அதைவிட நல்லது. தேவையில்லாமல் ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால், அதற்குச் சாகாத புழுக்கள் மட்டும் மிஞ்சிப் பெருகும். எடையைக் குறைத்து மதிப்பிட்டு அரைகுறையாகக் கொடுப்பதும் அதே கெடுதலைச் செய்யும். பக்கத்து வீட்டு மாட்டுக்கு எழுதிய சீட்டை வைத்துக் கன்றுக்கு வாங்காதீர்கள். எடையைச் சொல்லி மருத்துவரிடமே அளவு கேளுங்கள்.

மருந்தை வாயில் ஊற்றும்போது கன்றின் தலையை அண்ணாத்திப் பிடிக்கிறார்கள். அப்படிச் செய்தால் மருந்து மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா வரலாம். மூக்கு, கண் மட்டத்துக்கு மேலே போகாமல் பிடித்து, கடைவாயில் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். இருமினால் உடனே தலையை விட்டுவிடுங்கள்.

நிறையப் புழு இருக்கும் கன்றுக்கு மருந்து கொடுத்த பின் ஒன்றிரண்டு நாள் பக்கத்திலேயே கவனிக்க வேண்டும். செத்த புழுக்கள் திரண்டு குடலை அடைக்கலாம். சாணம் போடாமல் வயிறு ஊதினால் காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

சாணம் பரிசோதிக்கக் கொண்டுவருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தரையில் கிடந்ததை அள்ளாதீர்கள், மண்ணில் வாழும் வேறு புழுக்களும் அதில் ஏறிவிடும். கன்று போடும்போதே பிடித்த சாணம் ஒரு தீப்பெட்டி அளவு போதும். சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றைப் பிதுக்கி வெளியேற்றிவிட்டு இறுகக் கட்டுங்கள். அன்றே கொண்டுவர முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் கீழ்த்தட்டில் வையுங்கள், ஃபிரீசரில் வேண்டாம். வெளியே வைத்தால் நாங்கள் எண்ணுவதற்கு முன்பே முட்டை பொரிந்துவிடும். பையின் மேல் கன்றின் வயது, கடைசியாக மருந்து கொடுத்த தேதி, புல் அறுத்த இடம் மூன்றையும் எழுதுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கன்றின் கழிச்சலில் வரும் கிருமிகளில் சில, குறிப்பாகக் கிரிப்டோஸ்போரிடியம், வீட்டுக் குழந்தைகளுக்கும் வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும்.

மாமாவின் கன்று பிழைத்துக்கொண்டது. தை மாதம் இன்னொரு மாடு கிடேரிக் கன்று போட்டது. அன்றே காலண்டரில் பத்தாம் நாளைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டு, கொட்டகைச் சுவரில் கரியாலும் எழுதி வைத்தார். பத்தாம் நாள் காலையில் எனக்கு முன்னே அவரே மருத்துவரைக் கூப்பிட்டுவிட்டார். இரண்டு மாதம் கழித்து அந்தக் கன்றின் சாணத்தை நான் பார்த்தேன். ஒரு முட்டைகூட இல்லை.